ஒண்ணு போற எடத்துக்கு ரெண்டு

ஆவணியில் நிச்சயம் முடிந்த நாளிலிருந்து சேரன் கலைமணியை 'நீ' என்றும் கூப்பிடவில்லை, 'நீங்க' என்றும் கூப்பிடவில்லை. "சாப்டாச்சா?" என்பான். "பஸ்ல எடம் கெடச்சிதா?" என்பான். யாரைப் பார்த்துக் கேட்கிறான் என்றே தெரியாத கேள்விகள். அவளும் "ஆச்சு", "கெடச்சிது" என்று பதில் சொல்வாள். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். போனில் ஏதோ இயந்திரம் சீராக ஓடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். "சரி, வெச்சிடட்டா?" என்பான்.

கலைமணிக்கு ஊர் புவனகிரி. தினமும் பஸ் ஏறி சிதம்பரம் போய், ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறாள். சர்வர், நெட்வொர்க், மாணவர்கள் மறந்துபோகும் பாஸ்வேர்டு எல்லாம் அவள் பொறுப்பு. சேரன் கடலூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். ஜாதகம் பொருந்தியது, இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தது, தையில் கல்யாணம் என்று முடிவானது. பெண் பார்க்க வந்த அன்று அவன் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே எடுத்துப்போய் வைத்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அதைத் தவிர அவனைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

"அவுருக்கு என்னப் புடிச்சிருக்கான்னே தெரியல அண்ணி" என்று ஒருநாள் அமிர்தத்திடம் சொன்னாள்.

"புடிக்காமத்தான் தெனம் போன் போடறாரா?" என்றாள் அண்ணி, வெங்காயம் அரிந்துகொண்டே.

"கடமைக்குப் போடறாரோ என்னமோ."

அண்ணி சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். கலைமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபரில் ஒருநாள் காலை, லேப் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சேரனிடமிருந்து போன் வந்தது. அவன் எப்போதும் சாயங்காலம்தான் கூப்பிடுவான். என்னமோ ஏதோ என்று எடுத்தாள்.

"நீ செத்த வெளிய வந்து பேச முடியுமா? ஒரு ஒதவி வேணும்" என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

வராந்தாவுக்கு வந்தாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சவரியம்மாள் என்று ஒருவர் டயாலிசிஸுக்கு வருவார். சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார், மகன் திருப்பூரில். இந்த வாரம் ஒரு மெஷின் ரிப்பேரானதால் அவருடைய முறையை ஒருநாள் முன்னால் மாற்றியிருந்தார்கள். மாற்றியதை அவருடைய போனுக்கு மருத்துவமனை கம்ப்யூட்டர் மெசேஜாக அனுப்பியிருக்க வேண்டும். அவர் அந்த நாளில் வரவில்லை, மறுநாள் வழக்கம்போல வந்தார். அவருடைய மெஷினில் வேறொருவர் இருந்தார். அடுத்த மெஷின் காலியாவதற்குள் சவரியம்மாளுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டிவிட்டது.

"இப்ப எப்பிடி இருக்காங்க?"

"பொழச்சிக்கிட்டாங்க. ஐ.சி.யூ.ல இருக்காங்க" என்றான். "ஆபீஸ்ல, மெசேஜெல்லாம் போயிருக்கும், அந்தம்மாதான் படிக்காம உட்டிருக்கும்னு சொல்றாங்க. நான் அவுங்க போன வாங்கிப் பாத்தேன். அப்பிடி ஒரு மெசேஜே வரல. என் கையப் புடிச்சிக்கிட்டு, 'நான் பொய் சொல்லல தம்பி'ங்கறாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி."

அந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வரும், மவுஸ்கூடக் கிடையாது, அதனால் யாரும் கிட்டேயே போவதில்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அது தானாகவே, மறுநாள் வரவேண்டிய நோயாளிகள் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பும். அவ்வளவுதான் சேரனுக்குத் தெரியும்.

"நீ இதுலதான வேல செய்யற? எனக்கு வேற யாரையும் கேக்கத் தோணல."

அப்போதுதான் கலைமணி கவனித்தாள். அவன் இரண்டாவது முறையாக 'நீ' சொல்லிவிட்டான்.

"அந்த மிஷின் முன்னாடி ஒக்காருங்க, பாத்துடலாம்" என்றாள்.

ஒவ்வொரு எழுத்தாக அவள் சொல்லச் சொல்ல, அவன் ஒரு விரலால் தட்டினான். முதலில் லாக் ஃபைலைத் திறக்கச் சொன்னாள். என்னென்ன அனுப்பியது என்று கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் கோப்பு அது.

"எல்லா வரியிலயும் நம்பர் போட்டு, போயிடுச்சின்னுதான் இருக்குது."

"சவரியம்மா நம்பர் இருக்குதா?"

தேடினான். "இல்ல. போச்சுன்னும் இல்ல, போவலன்னும் இல்ல."

"எர்ரர்னு எங்கனா இருக்கா பாருங்க. பழைய தேதியிலகூட."

வெகுநேரம் கழித்து, "ஒண்ணுகூட இல்ல" என்றான். "அப்பன்னா மிஷின் நல்லாதான் இருக்குதுன்னு அர்த்தமா?"

"ஒரு எர்ரர்கூட இல்லாத லாக்க நான் நம்பமாட்டேங்க" என்றாள் கலைமணி. "செல்போன் மெசேஜ் அனுப்பற மிஷினு. ஒருநாள்கூடவா சிக்னல் கெடைக்காம இருந்திருக்காது? எர்ரர் வருது. அது இந்த லாக்குக்கு வராம வேற எங்கயோ போவுது."

சேரனின் நம்பருக்கே ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆக மோடமும் சிம்மும் சரி. அடுத்து, ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்கிவைக்கும் வரியைத் திரையில் வரவழைத்துப் படிக்கச் சொன்னாள்.

"அனுப்புன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்குது. புள்ளி. எஸ் ஹெச். அப்பறம் ரெண்டு. அப்பறம் வாயத் தொறந்த மாதிரி ஒரு குறி. அப்பறம் ஜிலேபி. அப்பறம் ஒண்ணு."

"ஜிலேபியா?"

"ஏழாம் நம்பருக்கு மேல இருக்குமே, அது."

கலைமணி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வராந்தாவில் போன மாணவி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"சிரிக்கிறியா?"

"இல்ல, சொல்லுங்க."

"அதுக்கப்பறம் ரெண்டு தடவ வாயத் தொறந்த குறி. அப்பறம் அந்த லாக் பேரு."

அவள் கையில் எழுதிக்கொண்டாள். anuppu.sh 2>&1 >> sms.log. பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எர்ரரையும் சேர்த்து லாக்கில் போடு என்பதற்குத்தான் அந்த ஜிலேபியே. எத்தனையோ சர்வர்களில் பார்த்துப் பழகிய வரி. பிறகு ஏன் எர்ரர் லாக்குக்கு வரவில்லை? "ஒரு பத்து நிமிஷம் குடுங்க" என்று போனை வைத்துவிட்டுத் தன் கம்ப்யூட்டருக்கு ஓடினாள்.

வேண்டுமென்றே, இல்லாத ஒரு கோப்பைத் தேடச் சொல்லி, அதே வரிசையில் குறிகளைப் போட்டுப் பார்த்தாள். எர்ரர் திரையிலேயே வந்து விழுந்தது. லாக் காலியாக இருந்தது. ஜிலேபிப் பகுதியைத் தூக்கி வரியின் கடைசியில் போட்டாள். இப்போது திரை அமைதியாக இருந்தது, எர்ரர் லாக்குக்குள் போய் உட்கார்ந்திருந்தது. கலைமணி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இத்தனை நாளாக அந்த வரியை ஒரு படம்போலப் பார்த்திருக்கிறாளே தவிர, இடமிருந்து வலமாகப் படித்ததே இல்லை.

சேரனைக் கூப்பிட்டாள். "வரிச தப்பா இருக்குதுங்க. அதான் விஷயம்."

"புரியற மாதிரி சொல்லு."

"ஒவ்வொரு புரோகிராமுக்கும் வெளிய போறதுக்கு ரெண்டு வழி இருக்கு. நல்ல சேதி ஒண்ணாம் நம்பர் வழியாப் போவும். எர்ரர் ரெண்டாம் நம்பர் வழியாப் போவும். ரெண்டு, வாயி, ஜிலேபி, ஒண்ணுன்னா, ஒண்ணு இப்ப எங்க போவுதோ அங்கயே ரெண்டும் போவட்டும்னு அர்த்தம். மிஷின் அத அந்த நொடியில பாத்து முடிவு பண்ணிடும். ஒண்ணு அப்ப இன்னும் லாக் பக்கம் திரும்பவே இல்ல. அதுக்கப்பறம்தான் ஒண்ண லாக்குக்குப் போகச் சொல்றோம்."

அவன் அந்த வரியை மறுபடி ஒரு முறை வாய்க்குள் படித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அதாவது, ஒண்ணு வீட்டுல இருக்கறப்பவே, ஒண்ணு இருக்கற எடத்துல நில்லுன்னு ரெண்டுகிட்ட சொல்லிட்டோம். அப்பறம் ஒண்ணு கெளம்பி வேலைக்குப் போயிடுச்சி. ரெண்டு வீட்டுலயே நின்னுக்கிட்டிருக்குது."

"ஆமா! அதேதான்!" அவளுக்கு அவன் எதிரில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. "மொதல்ல ஒண்ண லாக்குக்கு அனுப்பணும். அப்பறம் ரெண்டுகிட்ட சொல்லணும்."

"வீட்டுல நின்ன எர்ரரெல்லாம் எங்க?"

"யாருக்காச்சும் மெயிலாப் போயிருக்கணும். உங்க மிஷின்ல மெயில் வசதியே போடல. அதனால கொட்டிப்போச்சி. பழச எடுக்க முடியாது. இன்னிக்கி அஞ்சு மணிக்கி அனுப்பறப்பதான் தெரியும்."

வரியைத் திருத்துவது பெரிய பாடாகிவிட்டது. அவன் என்ன தட்டினாலும் எழுத்து விழவில்லை. திடீரென்று ஒரு வரியே காணாமல் போனது. "ஐயோ, அழிச்சிட்டேன் போலருக்கே" என்று அவன் பதறினான். "ஒண்ணும் ஆவல, யூ அழுத்துங்க, திரும்ப வந்துடும்" என்றாள். வந்தது. "எழுதறதுக்கு முன்னாடி ஐ அழுத்தணும். எழுதி முடிச்சதும் எஸ்கேப்." அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பை அவள் அன்றுதான் கேட்டாள்.

சாயங்காலம் கலைமணி வீட்டுக்குக் கிளம்பவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, புவனகிரி பஸ்களை ஒவ்வொன்றாகப் போகவிட்டாள். ஐந்தரை வாக்கில் போன் அடித்தது.

"எர்ரர் வந்துடுச்சி!" என்றான், ஏதோ பிள்ளை பிறந்த மாதிரி. "மேல எல்லாம் போயிடுச்சின்னு இருக்குது. ஒரு எடத்துக்கு அப்பறம் எல்லாமே எர்ரரு. நெட்வொர்க் அனுமதிக்கலன்னு. எங்க யூனிட்டு ஆளுங்க எல்லாரும் அதுக்குக் கீழதான் இருக்காங்க. கண்ணு, சர்க்கர, பிரசவமெல்லாம் முடிச்சிட்டுதான் எங்களுக்கு வரும்."

"எத்தனாவதுல நிக்குது? எண்ணுங்க."

வாய்க்குள் எண்ணுவது கேட்டது. "தொண்ணூத்தொம்பது. காலையில என் நம்பருக்கு அனுப்பனதையும் சேத்தா, சரியா நூறு."

இருவருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. "ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கி நூறு மெசேஜ்தான்னு போன மாசம்தான ரூல் போட்டாங்க!" என்றான் சேரன். "என் மச்சான் அதுக்குத்தான் பொலம்பிக்கிட்டே இருந்தான்."

விளம்பரத் தொல்லைக்காகப் போட்ட விதி, டயாலிசிஸ் நோயாளிகளின் வாயையும் சேர்த்து அடைத்திருந்தது. மறுநாளே சேரன் கண்காணிப்பாளரிடம் அந்த லாக்கைக் காட்டினான். கலைமணி சொல்லிக் கொடுத்தபடி டயாலிசிஸ் நோயாளிகள் முதல் இடத்துக்கு வந்தார்கள். எர்ரர் வந்த நம்பர்களுக்கு யாராவது போனில் கூப்பிட்டுச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. கண்காணிப்பாளர் ஐ.சி.யூ.வுக்குப் போய், சவரியம்மாளிடம் தப்பு எங்கள்மீதுதான் என்று சொன்னாராம்.

அன்று சாயங்காலம் பேசும்போது சேரன் சொன்னான். "நேத்து அவசரத்துல உன்ன நீன்னு கூப்டுட்டேன்."

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"தப்பா?"

"தப்புன்னா அப்பவே போன வெச்சிருப்பேனே." கொஞ்சம் தைரியம் வந்து கேட்டாள். "இத்தன நாளா ஏன் எங்கிட்ட பேசவே இல்ல?"

"என்ன பேசறதுன்னு யோசிச்சி வெச்சிக்கிட்டுதான் போன் போடுவேன். நீ எடுத்து அலோன்னதும் மறந்துடும்."

அதற்குப் பிறகு மறக்கவில்லை. யார் யாருக்கு எந்தக் கையில் ஊசி ஏறும், கறிக்குழம்பில் உப்பைக் குறைத்தால் யார் கோபித்துக்கொள்வார் என்று அவன் சொன்னான். அவள் லேப் கதைகளைச் சொன்னாள். சவரியம்மாள் தேறி வீடு திரும்பினார். அவள் அவனை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அண்ணி ஒருநாள், "ரெண்டு பேருக்கும் கல்யாணம் வேற எதுக்கு, போனே போதும்போல" என்றாள்.

டிசம்பர் கடைசியில் புயல் வருகிறது என்றார்கள். அதற்கு 'தானே' என்று பேர் வைத்திருந்தார்கள். எப்போதும் ஆந்திரா பக்கம் திரும்பிவிடும் என்று பலரும் அலட்சியமாக இருந்தார்கள். சேரனின் யூனிட் அப்படி இருக்கவில்லை. அடுத்த இரண்டு நாளில் முறை உள்ளவர்கள் எல்லோரும் உடனே வந்துவிட வேண்டும் என்று முந்தின நாள் காலையிலேயே மெசேஜ் அனுப்பினார்கள். நடுவில் சிக்னல் போய்ப்போய் வந்தது. லாக்கில் சில எர்ரர்கள் விழுந்தன. சேரன் அந்த நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சொன்னான். சவரியம்மாளின் போன் மட்டும் கிடைக்கவே இல்லை.

மத்தியானம் கலைமணியைக் கூப்பிட்டான். "நான் வண்டி எடுத்துக்கிட்டுப் போயி அவுங்கள கூட்டியாந்துடறேன்."

சிதம்பரத்திலேயே அப்போது காற்று மரங்களைப் பேயாக ஆட்டிக்கொண்டிருந்தது. போகாதீங்க என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்த அம்மா தனியாக இருப்பது நினைவுக்கு வந்தது. "ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போங்க மாமா" என்றாள். "திரும்பி வந்ததும் ஒரு போன் பண்ணுங்க."

"பண்றேன்."

அந்தப் போன் வரவில்லை. விடியற்காலையில் புயல் கரையைக் கடந்தது. புவனகிரியில் ஓடுகளும் கூரைகளும் பறந்தன, வாழையெல்லாம் படுத்துவிட்டது, கரண்ட் கம்பங்கள் வளைந்து கிடந்தன. எந்தப் போனிலும் சிக்னல் இல்லை. கடலூர்ப் பக்கம்தான் அடி ஜாஸ்தி என்று பேச்சு வந்தது. கலைமணி சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தாள். செத்துக் கிடந்த போனை அடிக்கடி எடுத்துப் பார்த்தாள். தான்தான் அவனைப் போகவிட்டோம் என்ற நினைப்பு அவளை அறுத்தது.

மூன்றாம் நாள் அவள் அண்ணன் கொளஞ்சியப்பன் தானாகவே பைக்கை எடுத்துத் துடைத்தார். "கெளம்பு" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஊருக்குப் போகலாமா என்று அம்மா இழுத்தாள். "நல்லாருக்காருன்னு பாத்துட்டு வந்துடறோம்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

வழியெல்லாம் மரங்கள் குறுக்கே கிடந்தன. ஜனங்கள் கோடாலியால் வெட்டி, ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வழி செய்திருந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டிய பிறகு கண்ணுக்கெட்டிய வரை நிமிர்ந்து நின்ற மரமே அரிதாக இருந்தது.

மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் யூனிட் எங்கே என்று கேட்டுக்கொண்டு கலைமணி வேகமாக நடந்தாள். வாசலில் ஒரு பெஞ்சில், கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ கலைமணியா?"

"ஆமாம்மா. நீங்க?"

"நான்தான் சவரியம்மா. போட்டோல பாத்திருக்கேன். தம்பி பர்ஸ்ல வெச்சிருக்குதே." அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "நல்லா இருக்குது, பயப்படாத. அன்னிக்கி நெல்லிக்குப்பத்துக்கிட்ட எங்க முன்னாலயே ஒரு புளியமரம் சாஞ்சிது. வண்டிய அங்கயே போட்டுட்டு, ஒரு பால் வண்டிய நிறுத்தி என்ன ஏத்துச்சி. தம்பி வரலன்னா நான் அந்த வீட்டுலயே போயிருப்பேன். வீடே இப்ப இல்லன்னு சொல்றாங்க." அவர் அழவில்லை. கலைமணிதான் அழுதாள். "மூணு நாளா வீட்டுக்குப் போவல அது. ஒருத்தர எறக்கினா ஒருத்தர ஏத்துது. டீசல் வாங்க வரிசையில நிக்குது."

அவர் சொல்லி முடிக்கும்போதே சேரன் வந்தான். தாடி முளைத்திருந்தது. கையில் டீசல் கேன். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"எப்பிடி வந்த?"

"அண்ணன்கூட."

கேனைக் கீழே வைத்தான். கையைப் பேன்ட்டில் துடைத்தான். கொளஞ்சியப்பன் சட்டென்று வெளியே எதையோ பார்க்கப் போனார். சவரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். சேரன் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். டீசல் நாற்றம் அடித்தது.

"சொன்ன மாதிரி போன் பண்ண முடியல. மாடிமேல ஏறிக்கூடப் பாத்தேன், ஒரு புள்ளி சிக்னல்கூட கெடைக்கல."

"தெரியும். பேசாதீங்க."

உள்ளே ஒரு மெஷின் கத்தியது. அவன் கையை விட்டுவிட்டு ஓடினான். கலைமணி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பெரியவரின் கையைத் திருப்பிவைத்து, குழாயின் மடிப்பை எடுத்துவிட்டு, அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். பெரியவர் தலையாட்டினார். மெஷின் அடங்கியது.

தையில் கல்யாணம் நடந்தது. பேசி வைத்திருந்த மண்டபத்துக்குக் கூரை இல்லாததால் புவனகிரியில் கோயிலிலேயே வைத்தார்கள். பல ஊர்களுக்கு அப்போதும் கரண்ட் வந்திருக்கவில்லை. வந்தவர்கள் பாதிப் பேர் தங்கள் முந்திரித் தோப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சவரியம்மாளால் வர முடியவில்லை, அன்று அவருக்கு முறை. அதனால் தாலி கட்டிய மறுவாரம், கலைமணி கூறைப்புடவையை மறுபடி உடுத்திக்கொண்டு சேரனுடன் யூனிட்டுக்குப் போனாள். சவரியம்மாள் மெஷினோடு படுத்திருந்தார். ஊசி ஏறியிருந்த கையை அசைக்காமல், இன்னொரு கையை நீட்டி அவளைக் கிட்டே கூப்பிட்டார். முந்தானைச் சரிகையைத் தடவிப் பார்த்து, "என்ன வெலடி இது?" என்று கேட்டார்.